மருவும் பொறுமையும்

சென்ற பருவத்தில் என் மாணவி ஒருத்தி விடைத்தாள் வாங்கும்போதெல்லாம் வலக்கையைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு இடக்கையை நீட்டினாள். அது மரியாதையன்று எனக் கடிந்துகொண்டேன். பிறகே உண்மை தெரிந்தது. அவள் விரல்களில் ஏழெட்டு மருக்கள். யாரோ சொன்னார்கள் என்று சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் குழைத்துத் தடவியதில் தோல் வெந்து புண்ணாகியிருந்தது. என் கடுஞ்சொல்லை எண்ணி இன்றும் வெட்கப்படுகிறேன்.

மருவைப் போல மனிதக் கற்பனையைத் தூண்டிய சிறுநோய் வேறில்லை எனலாம். நம்மூரில் அதைக் குதிரைவால் முடியால் இறுக்கிக் கட்டுவார்கள். அம்மான் பச்சரிசிப் பாலைத் தடவுவார்கள். கோயிலில் உப்பும் மிளகும் கொட்டுவார்கள். உப்பு கரைவதுபோல் மருவும் கரையுமாம். இதை நம்மவரின் அறியாமை என்று ஒதுக்கிவிட வேண்டாம். மார்க் ட்வைனின் 'டாம் சாயர்' (1876) நாவலில் சிறுவர்கள் செத்த பூனையோடு நள்ளிரவில் இடுகாட்டுக்குப் போவது மருவைப் போக்கத்தான். சோதனைவழி அறிவுக்கு இலக்கணம் வகுத்த பிரான்சிஸ் பேக்கனே தம் மருக்கள் நீங்கிய கதையை எழுதியிருக்கிறார். பாரிஸில் இருந்த ஆங்கிலத் தூதரின் மனைவி, பன்றிக் கொழுப்புத் துண்டை அவற்றின்மேல் தேய்த்துத் தெற்கு நோக்கிய சன்னலில் ஆணியடித்து வைத்தாராம். ஐந்தே வாரத்தில் மருக்கள் மறைந்தனவாம்.

பேக்கன் பொய் சொல்லவில்லை. மருக்கள் மறைந்திருக்கும், கொழுப்பினால் அன்று, அவ்வளவே. மரு ஒரு நச்சுயிரியால் தொற்றுவது என்பதை இத்தாலியரான சியுஃபோ 1907-இல் காட்டினார். அந்த நச்சுயிரி இரத்தத்தில் கலப்பதில்லை; தோலின் மேலடுக்கிலேயே ஒளிந்துகொள்கிறது. ஆகவே உடலின் காவற்படை அதை நெடுநாள் கண்டுகொள்வதில்லை. கண்டுகொண்டால் ஒரே வீச்சில் எல்லா மருவும் உதிர்வதுண்டு. குழந்தைகளிற் பெரும்பாலோர்க்கு இரண்டாண்டுக்குள் இது தானே நிகழ்கிறது. அந்நேரத்தில் எந்த வைத்தியம் நடக்கிறதோ, புகழ் அதற்குப் போய்ச் சேருகிறது! உடலின் இந்த விந்தையை வியந்தே லூயிஸ் தாமஸ் என்ற மருத்துவர் மருக்களைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதினார்.

தானே போகாத பிடிவாத மருக்களை என்ன செய்வது? வெந்நீரில் ஊறவைத்துச் சாலிசிலிக் அமிலத்தை நாள்தோறும் பூசலாம். இதற்கு மூன்று மாதமாவது பொறுமை வேண்டும். மருத்துவர்கள் −196 பாகைத் திரவ நைட்ரஜனால் உறையவைப்பார்கள், மின்சூட்டால் எரிப்பார்கள். எரித்த இடத்துக்குப் பக்கத்தில் நச்சுயிரி எஞ்சியிருந்தால் மரு மீண்டும் முளைக்கும், தழும்பும் தங்கும். அண்மைக் காலத்தில் என்னைக் கவர்ந்தது வேறொரு வழி. தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா ஆகிய மூன்றுக்குமான தடுப்பூசி மருந்தை ஒரே ஒரு மருவுக்குள் செலுத்துகிறார்கள். உறங்கும் காவற்படை விழித்து, ஊசி படாத மருக்களையும் பலருக்கு அழித்துவிடுகிறது. எல்லார்க்கும் பலிக்கும் என்பதில்லை. எனினும், எரிப்பதைவிட எழுப்புவது மேலான நெறி என்றே எனக்குத் தோன்றுகிறது.

என் வாதம் இதுதான். மருவைவிடப் பெருந்தீங்கு அதைப் பற்றிய கூச்சம். கூச்சமே பிளேடை எடுக்க வைக்கிறது; கீறினால் மரு மேலும் பரவுகிறது. கோயிலில் உப்புக் கொட்டுவதால் கேடில்லை; அது காத்திருக்கக் கற்பிக்கிறது. சுண்ணாம்பும் பிளேடும் அப்படியல்ல. முகத்திலோ மறைவிடத்திலோ மரு தோன்றினாலும், இரத்தம் கசிந்தாலும், நீரிழிவு இருந்தாலும், கைவைத்தியத்தை விட்டு நேரே தோல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

அந்த மாணவிக்குப் புண் ஆறிய பின் மூன்று முறை ஊசி போட்டார்கள். இரண்டு மருக்கள் இன்னும் இருக்கின்றன. ஆனால் இப்போது வலக்கையை நீட்டித்தான் தாளை வாங்குகிறாள்.