கை மரத்துப் போனால் கழுத்தைப் பாருங்கள்



எங்கள் டிவிஷனில் ஓர் அக்கா இருக்கிறார். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். மூன்று வருடத்துக்கு முன்னர் அவருடைய விரல் நுனி மரத்துப் போகத் தொடங்கியது. கிள்ளிய கொழுந்து கூடைக்குப் போகாமல் கீழே விழுந்தது. சட்டைக்குப் பொத்தான் போடவும் மகளைக் கூப்பிட வேண்டியதாயிற்று. கிலோ குறைந்ததும் அரைப்பேர் விழுந்தது. "அந்தக்காவுக்கு இப்ப வேலைசெய்ய மனசில்ல" என்று பிரட்டில் பேசினார்கள். அதை நானும் கேட்டுக்கொண்டு சும்மா நின்றேன்.

வீட்டில் சுளுக்கு என்று எண்ணெய் போட்டுக் கழுத்தை வழித்தார்கள். டிஸ்பென்சரியில் வலி மாத்திரை கொடுத்தார்கள். பிறகு ஒரு மழைநாளில் கானைத் தாண்டும்போது வழுக்கி விழுந்தார். விழுந்தது இரண்டடி உயரந்தான். ஆனால் கையும் காலும் அசையவில்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகுதான் காரணம் தெரிந்தது. கழுத்துக்குள் இருக்கும் ஒரு நார் எலும்பாக மாறி, நரம்பை நெரித்துக்கொண்டிருந்தது. ஒப்பரேஷன் நடந்தது. இன்று கம்பு ஊன்றி நடக்கிறார். கொழுந்து கிள்ளும் விரல் திரும்பி வரவில்லை.

இது என்ன நோய்? நமது முள்ளந்தண்டு எலும்புகளை ஒன்றோடொன்று கட்டி வைத்திருப்பவை நார்கள். அவற்றில் ஒன்று முள்ளந்தண்டு எலும்புகளின் பின்பக்கமாக, முண்ணாண் என்ற பெரிய நரம்புக்கு முன்னால், மேலிருந்து கீழாக ஓடுகிறது. சிலருக்கு அந்த நார் வருடக்கணக்கில் கொஞ்சங் கொஞ்சமாகத் தடித்து எலும்பாகிவிடுகிறது. முண்ணாண் போகும் குழாய் ஒடுங்குகிறது. கழுத்தைத் திருப்பவும் நிமிர்த்தவும் கஷ்டமாகிறது. பலருக்குப் பல வருடம் ஒன்றும் தெரியாது. பின்னர் கை மரக்கும், பிடி தளரும், கால் இறுகித் தடுமாறும், சிறுநீர் கட்டுப்படாமல் போகும். இந்த நிலையில் கழுத்து ஒரு தடவை உதறினாலே போதும், கைகால் விழுந்துவிடலாம்.

ஜப்பானில் இதை ஒரு தனி நோயாக 1960ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தார்கள். அங்கே வளர்ந்தவர்களில் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பேரின் கழுத்துப் படத்தில் இது தெரிகிறது. 1975இல் அரசாங்கமே ஆராய்ச்சிக் குழு அமைத்தது. இன்று இது அரசாங்கம் சிகிச்சைச் செலவில் பங்கேற்கும் நோய்களின் பட்டியலில் இருக்கிறது. அங்கே பட்டியலில் ஏறிய நோய்க்கு நமது மலையில் சோம்பல் என்று பெயர்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கூடை சுமப்பதால்தான் நார் எலும்பாகிறது என்று மருத்துவம் சொல்லவில்லை. பரம்பரை, வயது, சீனி வருத்தம், உடற்பருமன் ஆகியவற்றோடுதான் அதைச் சேர்த்துச் சொல்கிறார்கள். பெண்களைவிட ஆண்களுக்கே அதிகம் வருகிறது. ஆகவே கவ்வாத்து வெட்டும் அண்ணன்மாரும் இதை வாசிக்க வேண்டும். ஆனால் ஏற்கெனவே ஒடுங்கிய கழுத்தின் மேல், தலையில் கயிறு மாட்டிப் பத்துப் பதினைந்து கிலோ ஈரக் கொழுந்தை இழுப்பதும், சரிவில் வழுக்கி விழுவதும் தோட்டத்தின் வேலைதான். தராசில் தண்ணீருக்கென்று கிலோவைக் கழிக்கிறார்கள். அந்தத் தண்ணீரைச் சுமந்த கழுத்துக்கு யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

காசில்லாமல் வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. கையை நீட்டி, விரல்களை முழுதாக விரித்து மூடுங்கள். 10 விநாடிக்குள் எத்தனை தடவை என்று எண்ணுங்கள். நல்ல கை 20 தடவைக்கு மேல் செய்யும். குறைந்தால், அல்லது விரல் மரத்தால், நடை தடுமாறினால், டிஸ்பென்சரியில் கடிதம் கேட்டு வாங்குங்கள். டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலைக்கோ நுவரெலியா பொது வைத்தியசாலைக்கோ போங்கள். தேவையென்றால் அங்கிருந்து கண்டிக்கு அனுப்புவார்கள். எலும்பான நாரை மாத்திரை கரைக்காது. நரம்பு அதிகம் கெடுமுன் செய்யும் ஒப்பரேஷனே நல்ல பலன் தரும்.

கை மரத்தவரின் கழுத்தை வழிக்கவோ சொடுக்கு எடுக்கவோ வேண்டாம். சலூனிலும் வேண்டாம். விழுந்தவர் கைகால் அசைக்கவில்லையென்றால் தூக்கி உட்கார வைக்காதீர்கள். கழுத்து அசையாமல் பிடித்துக்கொண்டு 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள். அது இலவசம்.

இனி நமது சங்கத்துக்கு. 1,000 ரூபா சம்பளத்துக்காக 2021 வரை வருடக்கணக்கில் போராடினோம். அது நியாயமான போராட்டம். ஆனால் நமது கோரிக்கைத் தாளில் ரூபாவும் கிலோவும் இருந்த அளவுக்கு உடம்பு இருக்கவில்லை. 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தேயிலை பக்டரிக்குள் இருக்கும் மெஷினைப் பார்க்கிறது. கொழுந்து மலைக்கு அது ஏறுவதில்லை. அந்த இடைவெளியை நாம்தான் பேச்சுவார்த்தையில் நிரப்ப வேண்டும்.

நான் கேட்பவை நான்கு. கை மரக்கிறது என்று சொல்பவருக்கு டிஸ்பென்சரியில் கடிதம் மறுக்கப்படக் கூடாது, கிளினிக் போகும் நாளுக்குப் பேர் விழ வேண்டும். டாக்டர் கடிதம் உள்ளவருக்குப் பிள்ளைக்காம்பராவிலோ நாற்றுமேடையிலோ முழுப் பேருடன் இலகு வேலை கொடுக்க வேண்டும். நிறுவை இடம் கிட்ட வர வேண்டும், தலையில் கயிறு மாட்டாமல் தோளில் சுமக்கும் பை வேண்டும். உடைந்த படிகளையும் கான் பாலங்களையும் மழைக்கு முன் திருத்த வேண்டும்.

தோட்டத் தலைவர்மாரிடம் இன்னொன்று. அடுத்த மாதக் கூட்டத்தில் முதல் ஐந்து நிமிடம் எல்லாரையும் அந்த 10 விநாடிச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். பின்தங்குபவரின் பெயரை எழுதிக்கொண்டு, அவருடன் நீங்களே டிஸ்பென்சரிக்கு நடந்து போங்கள். எங்கள் அக்காவுடன் மூன்று வருடத்துக்கு முன்னர் நான் போயிருக்க வேண்டும்.