மேகத்தில் ஏறப் போகிறவர்கள்

கங்கைகொண்டானிலிருந்து சில தோழர்கள் நமக்கு எழுதிக் கேட்டிருக்கிறார்கள். அங்கே ஒரு ஜெபக்கூட்டத்தில் அமெரிக்கக் கதையொன்றைச் சொன்னார்களாம். ஆகாய விமானத்தில் போய்க்கொண்டிருந்த பிரயாணிகளில் பலர், உடுப்பை ஆசனத்திலேயே விட்டுவிட்டுத் திடீரென்று மறைந்துபோனார்கள். நாளைக்கு நமக்கும் இதுவே நடக்கும் என்று பேசினார்களாம். பிள்ளைகள் அன்றிரவு தூங்கவில்லையாம். இது வேதத்தில் உள்ளதுதானா என்பது தோழர்களின் கேள்வி.

நாம் வேதம் விற்கும் கடை வைத்திருப்பவர்கள் அல்ல. ஆனாலும் சரக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்ல நமக்குத் தடையில்லை.

அந்தக் கதை 1995-இல் டிம் லஹேய், ஜெர்ரி ஜென்கின்ஸ் என்ற இரண்டு அமெரிக்கர்கள் எழுதத் தொடங்கிய நாவல் வரிசையாகும். மொத்தம் 16 புத்தகங்கள். 6 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றன. பரிசுத்தவான்கள் ஆகாயத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள், மிஞ்சியவர்கள் அந்திக்கிறிஸ்துவிடம் அகப்பட்டு ஏழு வருஷம் வதைபடுவார்கள் என்பது அதன் சாரம். இதைக் கண்டிக்க நாஸ்திகர்கள் தேவைப்படவில்லை. அமெரிக்க லூத்தரன் வேத பண்டிதையாகிய பார்பரா ராசிங் என்ற அம்மையாரே 2004-இல் இதை மறுத்து ஒரு புத்தகம் எழுதினார். கத்தோலிக்க சபையும் இந்த இரகசிய வருகையை ஒப்புக்கொள்வதில்லை. மார்ட்டின் லூத்தரோ, 1522-இல் தாம் எழுதிய முன்னுரையில், வெளிப்படுத்தின விசேஷத்தைப் பற்றியே சந்தேகப்பட்டார். பக்தர்களுக்குள்ளேயே இவ்வளவு தகராறுள்ள ஒரு சங்கதியைச் சிறு பிள்ளைகளிடம் தந்தி வந்த சமாசாரம்போலச் சொல்வது என்ன யோக்கியதை?

நிற்க. இந்தச் சரக்கு திருநெல்வேலிச் சீமைக்குப் புதிதல்ல. 1830-க்குப் பிறகு இதைப் பரப்பியவர் பிளிமத் சகோதரர் என்னும் கூட்டத்தைச் சேர்ந்த ஜான் டார்பி. அதே கூட்டத்தின் மூலவர்களில் ஒருவரான அந்தோணி குரோவ்ஸ் 1833-இல் இந்தியாவுக்கு வந்தார். அவரிடம் பழகியவர் நம் சீமையில் உபதேசம் செய்த அருளப்பன். 1860-இல் அருளப்பனைச் சுற்றி எழுந்த எழுப்புதலில் ஜனங்கள் தரிசனம் கண்டார்கள், தீர்க்கதரிசனம் சொன்னார்கள். அந்த அலை மலையைத் தாண்டித் திருவிதாங்கூருக்குப் போயிற்று. அங்கே பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான ஜஸ்டஸ் ஜோசப் என்பவர், கிறிஸ்து 1881-இல் வருவார் என்று வருஷமே குறித்துவிட்டார்! வருஷம் வந்தது, வருகிறவர் வரவில்லை. கூட்டம் கலைந்ததா? இல்லை. யுயோமயம் என்ற புது யுகம் பிறந்துவிட்டதென்று சொல்லிக்கொண்டது. அமெரிக்காவில் 1844-இல் மில்லர் குறித்த நாள் பொய்த்தபோதும் இப்படியே வேறு வியாக்கியானம் பிறந்தது.

நம் புராணக்காரன் இந்த விஷயத்தில் கெட்டிக்காரன். கலியுகத்துக்கு 4,32,000 வருஷம் என்று போட்டு, அதில் ஐயாயிரம் சொச்சந்தான் கழிந்தது என்கிறான். கல்கி வந்தானா என்று பார்க்க எவன் இருக்கப் போகிறான்?

நமக்கு ஆத்திரமூட்டுவது தேதி பொய்த்தது அல்ல. திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவத்தில் சேர்ந்த ஏழை ஜனங்களில் அநேகர் மேகத்தை நம்பிச் சேரவில்லை. பள்ளிக்கூடம் கிடைக்கும், மிராசுதாரன் அடித்தால் கேட்க ஒரு பாதிரி இருப்பார், மனிதனாக நிமிர்ந்து நடக்கலாம் என்றுதான் சேர்ந்தார்கள். அந்தப் பள்ளிக்கூடங்களை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் ஜாதி என்ன ஆயிற்று? வடக்கன்குளத்தில் 1872-இல் ஜாதிக்கொரு பக்கமாகப் பிரித்து நடுவில் சுவர் வைத்து மாதாகோவில் கட்டினார்கள். அந்தச் சுவர் இடிபட 1910 ஆயிற்று. திருச்சி மேலப்புதூரில் தாழ்த்தப்பட்டவர்களின் பிணங்களைப் பிரித்து வைக்கக் கல்லறைத் தோட்டத்திலேயே சுவர் எழுப்பினார்கள். எக்காளம் ஊதும்போது அந்தச் சுவருக்கு இந்தப் பக்கத்தார் முதலில் எழுந்திருப்பார்களா, அந்தப் பக்கத்தாரா? இதைப் பற்றி 16 புத்தகம் எழுதுவாரில்லை. உலகம் நாளை முடியுமென்றால் இன்றைக்குச் சுவரை எதற்கு இடிக்க வேண்டும், கூலியை எதற்குக் கூட்டிக் கேட்க வேண்டும்?

கங்கைகொண்டான் தோழர்களுக்கு ஒன்று சொல்லுகிறோம். அடுத்த கூட்டத்துக்கு அவசியம் போங்கள். கலகம் வேண்டாம், மரியாதையாகவே கேளுங்கள். வருகிற வருஷத்துக்குத் தம் பிள்ளையின் பள்ளிக்கூடச் சம்பளத்தைப் பிரசங்கியார் கட்டிவிட்டாரா என்றும், கட்டியிருந்தால் எதற்காகக் கட்டினார் என்றும் கேளுங்கள். பதிலை நமக்கு எழுதியனுப்பினால் பிரசுரிக்கிறோம்.