ஈடும் ஈடேற்றமும்

மரக்காணத்து உப்பளங்களில் பெருமழை இறங்கினால் பாத்திகள் மூழ்கும்; வேலை நின்றுவிடும்; அடுத்த பருவம்வரை உழைப்பாளியின் அடுப்பு கடனில் எரியும். அடகு வைத்ததைப் பணம் கட்டித் திருப்புவதே மீட்பு என்பதை அவனுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

கிறிஸ்தவச் சகோதரர்தம் நற்செய்தியின் உயிர்ச்சொல்லும் மீட்பே. ஆதி பாவம் மக்கள் அனைவரையும் பற்றியது. இயேசு சிலுவையில் தம் உயிரையே ஈடாகத் தந்து மீட்டார் என்பர். அன்பின் தவிப்பு நிறைந்த இக்கொள்கையை எள்ளி நகையாடுதல் நமக்கு அழகன்று. ஆயினும் கேட்கிறோம்: மன்னிக்க வல்லவனுக்கு ஈடு எதற்கு? ஆதம் (அலை) மன்றாடினார், அல்லாஹ் மன்னித்தான். தீர்ந்த கடன் பிள்ளைகள் தலையில் ஏறுவதெங்ஙனம்? திருமறையும் ‘ரஹீன்’, அதாவது அடகுப்பொருள், என்னும் சொல்லை ஆள்கிறது. ஆனால் மனிதன் அடகாவது தன் வினைக்கே, தந்தையின் வினைக்கன்று.

வாதத்தில் வென்றோமென்று எழுந்துவிடலாகாது. ஸகாத்தின் எட்டுப் பங்குகளில் அடிமைத்தளை அகற்றவும் கடன்பட்டோரைக் கைதூக்கவும் பங்கு வகுத்ததும் அதே திருமறைதான். மறுமையில் சுமக்க இயலாத பிறர் சுமையை இம்மையில் சுமக்கச் சொல்கிறது நம் மார்க்கம். ஸகாத்துக்கு வரம்புண்டு, ஸதகாவுக்கு மதமில்லை. ரமளானில் சில்லறையை இறைத்துவிட்டு, அண்டைவீட்டுக் கடனாளியை வட்டிக்காரனிடம் கைவிடும் நாம் எந்த வாயால் ஈடேற்றம் பேசுவது?