பயண நேரம் யார் கணக்கில்?

மாரிகுப்பம் நிலையத்தில் விடியற்காலை வண்டிக்குக் கூடும் கூட்டத்தைப் புதிதாகப் பார்ப்பவர்கள், இது வேலைக்குப் போகும் கூட்டமா, ஊரைக் காலி செய்து போகும் கூட்டமா என்று ஐயுறக் கூடும். வண்டியில் இடம் கிடைத்ததும் பாதிப்பேர் கண்ணை மூடிக் கொள்கிறார்கள். வீட்டில் குறைப்பட்ட உறக்கம் டேகல், மாலூர் தாண்டியும் தொடர்கிறது. சோற்று டப்பா மடியில் இருக்கிறது. ஒயிட்ஃபீல்டு வந்ததும் ஒருவரையொருவர் தட்டி எழுப்பிக் கொண்டு ஒரு கூட்டம் இறங்குகிறது. மற்றவர்கள் கிருஷ்ணராஜபுரம், கண்டோன்மென்ட், சிட்டி என்று பிரிந்து போகிறார்கள்.

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டன. அன்று முதல் வயல்வாழ் தமிழரில் பெரும்பாலோருக்குப் பிழைப்பு பெங்களூர்தான். காவல் வேலை, துப்புரவு, கட்டட வேலை, மின்சார வேலை, அலுவலகங்களில் கணினித் தட்டெழுத்து என்று எதை எடுத்தாலும் காண்டிராக்ட்தான். நிரந்தர வேலை கிடைத்தவர்களை விரல் விட்டு எண்ணி விடலாம். மாரிகுப்பத்திலிருந்து பங்காருப்பேட்டை ஏறத்தாழ 16 கிலோ மீட்டர். அங்கிருந்து பெங்களூர் ஏறத்தாழ 70. வண்டி நேரம் தவறாமல் ஓடினாலே இரண்டு மணிக்கு மேலாகிறது. லைன் வீட்டிலிருந்து நிலையத்துக்கு நடை, நகரத்தில் பஸ் நெரிசல் எல்லாம் சேர்த்தால், வாசல் விட்டு வாசல் சேர மூன்று மணி. திரும்பி வர இன்னொரு மூன்று மணி.

எவ்வளவு தூரம் வரை போய் வரலாம் என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். கிலோ மீட்டரில் இதற்கு விடை கிடையாது. மணிக்கணக்கு போட்டுப் பார்ப்போம். எட்டு மணி வேலை, அரை மணி உணவு இடைவேளை, ஆறு மணி பயணம். ஆகப் பதினாலரை மணி. எஞ்சியது ஒன்பதரை. ஏழு மணி உறங்கினால் குளிக்க, உண்ண, பிள்ளையின் முகம் பார்க்க இரண்டரை மணி இருக்கிறது. கஷ்டம்தான்; ஆயினும் ஒரு மனிதன் சில ஆண்டுகள் தாக்குப் பிடிக்கலாம். அதே ஆளைப் பன்னிரண்டு மணி ஷிப்டில் நிறுத்துங்கள். பதினெட்டு மணி போய்விட்டது! மீதி ஆறு மணியில் அவன் உறங்குவானா, உண்பானா? காவல் வேலையில் பன்னிரண்டு மணி ஷிப்டு சாதாரணம். தொழிற்சாலைகளிலும் ஒரு நாளில் பன்னிரண்டு மணி வரை வேலை வாங்கலாம் என்று 2023இல் கர்நாடக சட்டமன்றமே திருத்தம் செய்தது. வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பு அப்படியே இருக்கிறதே என்றார்கள். வாரக் கணக்கு சரி, ஆனால் இரயில் பயணம் நாள் கணக்கில் அல்லவா வருகிறது?

பன்னிரண்டு மணி ஷிப்டுக்கு மாரிகுப்பத்திலிருந்து தினமும் போய்வருவது கூடாது என்பது நம் கருத்து. எட்டு மணி வேலையானால் ஒயிட்ஃபீல்டு வட்டாரம் வரை, அதாவது வழிக்கு இரண்டு மணி, இரண்டேகால் மணி வரை போகலாம். அதற்கு மேலே போனால் உடம்பிலிருந்து கடன் வாங்குகிறோம்.

"அங்கேயே அறை எடுத்துத் தங்க வேண்டியதுதானே?" என்று சிலர் சுலபமாகச் சொல்லி விடுகிறார்கள். பல மாத வாடகையை முன்பணமாகக் கேட்கும் ஊர் அது. அடுத்த மாதம் வேலை உண்டா என்று தெரியாதவன் எதை நம்பி முன்பணம் கட்டுவான்? இங்கே லைன் வீடு இருக்கிறது, வயதான தாய் தந்தையர் இருக்கிறார்கள், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இருக்கிறது. போய்வருவதை அவன் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை.

நிரந்தரத் தொழிலாளிக்கும் காண்டிராக்ட் தொழிலாளிக்கும் உள்ள வேறுபாடு வண்டி தாமதமாகும் அன்று நன்றாகத் தெரியும். அரை மணி பிந்தினால் நிரந்தரக்காரருக்கு வருகைப் பதிவேட்டில் ஒரு கோடு. காண்டிராக்ட் ஆளுக்கு அரை நாள் கூலி போகிறது. மேஸ்திரி வேறு ஆளை நிறுத்திவிட்டால் முழு நாளும் போகிறது. சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்தாலும் "இன்றைக்கு வேலை இல்லை" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுவோர் உண்டு. டிக்கட் ஜன்னலில் அதிகம் கேட்கப்படும் கேள்வி கட்டணத்தைப் பற்றியதல்ல. "சார், வண்டி எத்தனை நிமிஷம் லேட்?" என்பதுதான் அது.

இந்த மண்ணுக்கு இது ஒரு விந்தையான நிலைமை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,200 மீட்டருக்கும் கீழே போனது. அவ்வளவு ஆழத்துக்கு ஒரே கூண்டில் இறங்க முடியாது. மாறி மாறி இறங்கி, பிறகு நடந்து, பாறையை அடைய வேண்டும். அந்தப் பயணம் யார் கணக்கில் இருந்தது? 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம், பூமிக்கடியில் ஒருவரை நாளுக்கு எட்டு மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றது. தமது வேலை நேரத்துக்கு வெளியே அவர் கீழே இருக்கவே கூடாது என்றும் சொல்லிற்று. அதற்கு முன்பே, 1931இல் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு நிலக்கரிச் சுரங்கங்களுக்கு வகுத்த உடன்படிக்கை, கூண்டில் ஏறும் நேரம் முதல் மேலே வந்து கூண்டை விட்டு இறங்கும் நேரம் வரை வேலை நேரமே என்று எழுதி வைத்தது. பாட்டன் பூமிக்குள் போய்வந்த நேரம் கணக்கில் சேர்ந்தது. பேரன் பூமிக்கு மேலே போய்வரும் ஆறு மணி யார் கணக்கிலும் இல்லை.

எல்லாப் பயணத்துக்கும் சம்பளம் தர வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. அது நடக்காது. ஆனால் இன்று ஓசூர் சாலை, நாளை பீன்யா, மறுநாள் எலகங்கா என்று காண்டிராக்டர் தம் வசதிக்கு ஆளை மாற்றி மாற்றி அனுப்பும்போது, அந்த அலைச்சல் தொழிலாளியின் தலையில் விடிவது நியாயமா? ஸ்பெயின் நாட்டில் பாதுகாப்புக் கருவிகள் பொருத்தும் ஒரு நிறுவனம் 2011இல் தன் வட்டார அலுவலகங்களை மூடிவிட்டு, ஊழியர்களை வீட்டிலிருந்து நேரே வாடிக்கையாளரிடம் போகச் சொன்னது. சிலருக்குப் பயணம் மூன்று மணி வரை ஆயிற்று. நிலையான பணியிடம் இல்லாதவர்களுக்கு முதல் வாடிக்கையாளரிடம் போகும் நேரமும் கடைசி வாடிக்கையாளரிடமிருந்து வீடு திரும்பும் நேரமும் வேலை நேரமே என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2015 செப்டம்பர் 10ஆம் தேதி தீர்ப்பளித்தது. இங்கும் இடம் மாற்றும் அதிகாரம் வைத்திருப்பவர் அந்த மாற்றத்தின் செலவையாவது ஏற்க வேண்டும். வரவழைத்துத் திருப்பி அனுப்பும் நாளுக்கு அரைக் கூலியாவது தர வேண்டும்.

தாமே வேலை பிடித்துச் செய்யும் பெயிண்டர்களுக்கும் எலக்ட்ரீஷியன்களுக்கும் ஒரு வார்த்தை. அவர்கள் நேரத்தைத் தாங்களே வைத்துக் கொள்ளலாம் என்பது உண்மை. ஆனால் கூலி பேசும்போது உள்ளூர் ஆளின் கூலியையே சொல்லி, பயணத்தை இனாமாகக் கொடுத்து விடுகிறார்கள். ஒயிட்ஃபீல்டிலிருந்து மெட்ரோ வந்ததால் நேரம் மிச்சம்தான். ஆனால் 2025 பிப்ரவரியில் அதன் உச்சக் கட்டணம் 90 ரூபாயாயிற்று. கடைசி வரை போய்வந்தால் நாளுக்கு 180. பேசும் கூலியில் இது சேர வேண்டாமா?

விபத்து பற்றியும் தெரிந்து கொள்வது நல்லது. கேரளத் தொழிலாளி ஒருவர், ஷிப்டு தொடங்கப் பதினைந்து நிமிடம் இருக்கையில், ஆலைக்கு ஒரு கிலோ மீட்டர் தொலைவில் அடிபட்டார். அது வேலையின்போது நேர்ந்த விபத்து அல்ல என்று 1996இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. 2010இல் இ.எஸ்.ஐ. சட்டம் திருத்தப்பட்டது; வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்து, வேலையோடு அதற்குத் தொடர்பு நிரூபிக்கப்பட்டால், பணியில் நேர்ந்ததாகவே கொள்ளப்படும் என்றாயிற்று. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் இந்தப் பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் நிரூபிக்கக் காகிதம் வேண்டும். ஒவ்வொரு தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும் என்பதும் அந்தத் தொகுப்புகளில் உள்ளது. அதைக் கேட்டு வாங்குங்கள். வேலை செய்யும் இடமும் நேரமும் அதில் எழுதப்பட்டிருக்கட்டும். சீசன் டிக்கட்டையும் மாதம் முடிந்ததும் எறிந்து விடாதீர்கள்.

இரயில்வேக்கும் கடமை உண்டு. அமைப்புசாராத் தொழிலாளருக்கென 2009இல் 'இஜ்ஜத்' சீசன் டிக்கட் வந்தது. அப்போது நூறு கிலோ மீட்டர் வரை மாதம் 25 ரூபாய் என்று இருந்தது. மாரிகுப்பம்–பெங்களூர் அதற்குள் அடங்கும். ஆனால் மாத வருமானம் 1,500 ரூபாய்க்கு மேற்படக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். பெங்களூரில் கூட்டிப் பெருக்குபவரும் சில நாளில் அதைச் சம்பாதித்து விடுகிறார். அந்த வரம்பை இன்றைய குறைந்தபட்சக் கூலிக்கு ஏற்ப உயர்த்த வேண்டும். மாலை வண்டி புறப்படும் நேரத்தைத் தொழிலாளர்களின் ஷிப்டு முடியும் நேரத்தோடு ஒப்பிட்டு அமைக்க வேண்டும். மெயில் வண்டிகளுக்கு வழிவிட்டு அதை வழியில் நிறுத்துவது குறைய வேண்டும். தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர் இவ்விரண்டையும் அடுத்த கால அட்டவணைக்கு முன்பே இரயில்வே அமைச்சகத்தில் எழுப்ப வேண்டும் என்று கேட்டுக் கொள்கிறோம்.