சிமெண்டுக்குக் கணக்கு உண்டு, சித்தாளுக்கு?

பனிமாசம் கொழுந்து குறைஞ்சா தேவாலா லயத்து சனம் சித்தாளு வேலைக்குப் போவும். நானும் போனேன், ராணுவ முகாம் ஒன்றுக்கு. பதிவேட்டில் ஒரு கூலி, கையில் ஒரு கூலி. கேட்டதுக்கு மேஸ்திரி சொன்னான்: "இது மிலிட்டரி. வாயைத் தொறக்காத."

எது ரகசியம், தோழர்களே? பணம் பாதுகாப்பு அமைச்சக பட்ஜெட்டில் வருகிறது. வெலிங்டன் போன்ற முகாம்களில் எம்.இ.எஸ். என்கிற ராணுவப் பொறியியல் துறை மதிப்பீடு போட்டு, டெண்டர் விட்டு, அளவுப் புத்தகம் பார்த்துக் காண்ட்ராக்டருக்குப் பில் பாஸ் பண்ணுகிறது. மூட்டைக்கு மூட்டை கணக்கு. சுமந்தவள் பேர் எங்கே?

காண்ட்ராக்டர் கூலி தராவிட்டால் வேலை கொடுத்த நிர்வாகமே தரவேண்டும் என்றது 1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம். 2020 தொகுப்புச் சட்டமும் அதையே சொல்கிறது. கட்டுமானச் செலவில் 1 சதவீதம் நலவாரியத்துக்கு என்றது 1996 செஸ் சட்டம். அந்த செஸ்ஸும் தொடர்கிறது. ஆனால் வாரிய அட்டை இல்லாத எங்க பொம்பளைங்களுக்கு அதில் ஒரு பைசா கிடையாது. எங்க பேரைச் சொல்லிப் பிடிச்ச காசு, எங்களைத் தாண்டிப் போவுது.

முகாமின் வரைபடத்தை யாரும் கேட்கவில்லை. கூலிப் பதிவேட்டைத்தான் கேட்கிறோம். படிச்ச புள்ளைங்களே, 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதுங்க. லயம் லயமாப் போயி அட்டை போடுங்க. தேசபக்தி பேசி எங்க கூலியை மறைக்க விடாதீங்க.