மூடியும் குழாயும்

தமிழர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் ஆவணியும் புரட்டாசியும் கார்காலம். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். கார்காலத்தை முல்லை நிலத்துக்கு உரியதாகத் தொல்காப்பியம் கூறுகிறது. காடும் காடு சார்ந்த இடமும் முல்லை எனப்படும். அவ்விலக்கணத்துக்கு இன்றும் பொருந்தி நிற்கும் ஊர்களுள் ஒன்று, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓசூருக்கு அருகிலுள்ள சானமாவு. அங்கே ஒருபுறம் காப்புக்காடு. அதன் விளிம்பில் கேழ்வரகு விளையும் நிலங்கள். சற்றுத் தொலைவில் ஓசூரின் தொழிற்பேட்டைகள். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த இப்பகுதி, தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவக்காற்றுகளாலும் மழை பெறுகிறது. எனவே, இங்கு மழைக்காலம் நெடியது.

மழையோடு அறிவுரைகளும் வந்து சேர்கின்றன. நீரைத் தேக்காதீர்கள், காய்ச்சிப் பருகுங்கள், நன்றாக உறங்குங்கள் என்று சுவரொட்டிகள் சொல்கின்றன. இவற்றுள் ஒன்றும் தவறன்று. ஆயினும், இவற்றைப் பின்பற்றுவதற்கான சூழல் எல்லார்க்கும் வாய்த்துள்ளதா என்று நாம் கேட்பதில்லை. மழைக்கால நலம் தனிமனித ஒழுங்கால் மட்டும் அமைவதன்று. ஊரும் அரசும் உடன் நின்றால்தான் அமையும்.

தேங்கும் நீரும் தேக்கும் நீரும்

டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை நாடுவதில்லை, வீட்டிலும் வீட்டைச் சுற்றியும் உள்ள தெளிந்த நீரையே பெரிதும் நாடுகிறது, பகலில் கடிக்கிறது. பாத்திரத்தின் உட்சுவரில் நீர்மட்டத்தை ஒட்டி முட்டையிடுகிறது. அம்முட்டைகள் ஈரமின்றியே பல மாதங்கள் அழியாமல் இருக்கும். மீண்டும் நீர் பட்டதும் பொரியும். பொரித்தவை ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள்களுக்குள் கொசுக்களாகிப் பறக்கும். ஆதலால், வாரம் ஒருமுறை நீரைக் கொட்டிவிடுவதோடு, உட்சுவரைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். பழைய டயர், கொட்டாங்கச்சி, பூந்தொட்டித் தட்டு ஆகியவற்றில் மழைநீர் தானே தேங்குகிறது. அதை அகற்றுவது எளிது.

டிரம்மில் சேமிக்கும் நீரின் நிலை வேறு. தொழிற்பேட்டைகளை ஒட்டிய வரிசை வீடுகளில் பல மாநிலத் தொழிலாளர்கள் வாழ்கின்றனர். குழாயில் எப்போது நீர் வரும் என்று தெரியாத வீட்டார் நீரைச் சேமிக்காமல் எவ்வாறு வாழ முடியும்? ‘தேக்காதே’ என்னும் சொல் அவர்களுக்கு அறிவுரையாகாது, பழியாகவே அமையும். இறுக மூடும் மூடி வீட்டாரின் கடமை என்றால், நாள்தோறும் நீர் தரும் குழாய் ஊராட்சியின் கடமை. 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் இவ்விரண்டையும் ஒருங்கே கருதியது. கொசுக் கட்டுப்பாட்டுக்கு ஓர் இயலை வகுத்த அச்சட்டம், குடிநீர் வழங்கலுக்கும் ஓர் இயலை வகுத்தது. முன்னதை மட்டும் நினைவூட்டிப் பின்னதை மறப்பது முறையன்று.

ஆற்றைக் காய்ச்ச இயலுமா?

காய்ச்சிய நீரில் நோய்க்கிருமிகள் அழிகின்றன, வேதிக்கழிவுகள் நீங்குவதில்லை. நந்தி மலையில் தோன்றும் தென்பெண்ணை, பெங்களூருப் பகுதியின் கழிவுகளைச் சுமந்துகொண்டு தமிழகத்துக்குள் நுழைகிறது. மழை பெருகி, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையிலிருந்து நீர் திறக்கப்படும்போது, ஆறு நுரை பொங்கி ஓடும் காட்சியை மக்கள் பலமுறை கண்டுள்ளனர். குடத்து நீரை அடுப்பிலேற்றிக் காய்ச்சலாம். ஓர் ஆற்றை எந்த அடுப்பிலும் காய்ச்ச இயலாது. அதற்கு இரு மாநில அரசுகளும் இணைந்து செயலாற்ற வேண்டும்.

உறங்காத இரவுகள்

உடல் நலத்துக்கு உணவும் உழைப்பும் உறக்கமும் சமநிலையில் அமைய வேண்டும். உணவில் இப்பகுதி மக்களுக்குக் குறையில்லை. கேழ்வரகுக் களியும் கீரையும் சுண்ணாம்புச் சத்தும் நார்ச்சத்தும் மிக்கவை. ஆனால், அக்கேழ்வரகு முற்றும் பருவத்தில், கர்நாடகக் காடுகளிலிருந்து ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வழியாக யானைக் கூட்டங்கள் சானமாவுக் காட்டுக்கு வருகின்றன. பனியிலும் தூறலிலும் விழித்திருந்து பயிரைக் காக்கும் உழவரிடம் ‘நன்றாக உறங்குங்கள்’ என்று சொல்வதால் என்ன பயன்? யானைகளின் வழித்தடத்தைப் பேணுதலும், நடமாட்டத்தை முன்கூட்டி அறிவித்தலும், பயிரிழப்புக்குக் காலம் தாழ்த்தாமல் ஈடு வழங்குதலும் அவருடைய உடல்நலத்துக்கான வழிகளே.

இரு கைகளும் இணைந்தால்

அவ்வாறாயின் தனிமனிதருக்குப் பொறுப்பே இல்லையா? உண்டு. 1971ஆம் ஆண்டு வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்புவழி ஏற்றும் நீர்மம் போதாத நிலையில், மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த கரைசலைத் தந்தார். நோயாளிகளின் உறவினரே அதைப் புகட்டினர். இறப்புகள் பெருமளவு குறைந்தன. மருத்துவத் துறை பொருளைக் கொடுத்தது. குடும்பத்தின் கை அதை ஊட்டியது. இரண்டும் சேர்ந்தே உயிர்களைக் காத்தன.

அதுபோல் நாமும் செய்யத்தக்கன சில உள. டெங்குக் காய்ச்சல் தணியும் நாள்களிலேயே ஆபத்து மிகலாம். அப்போது கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, இரத்தக் கசிவு ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனை செல்ல வேண்டும். மருத்துவரைக் கேளாமல் ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளை உண்ணலாகாது. அரசு வழங்கும் நிலவேம்புக் குடிநீரைப் பருகுவோரும் மருத்துவ ஆய்வைத் தவிர்க்கக் கூடாது.

மாணவர்களுக்கு மேலும் ஒரு பணி உண்டு. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்தொலிக்கும் இந்நிலத்தில் இன்று இந்தியும் ஒடியாவும் கேட்கின்றன. தமிழில் மட்டும் எழுதிய எச்சரிக்கை, பக்கத்து வீட்டுத் தொழிலாளியைச் சென்றடைவதில்லை. கொசுவோ வேலியையும் மொழியையும் பார்ப்பதில்லை. எனவே, அறிவிப்புகள் அனைவருக்கும் புரியும் மொழிகளில் அமைய வேண்டும். ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய கிராமசபை நாள்கள் மழைக்காலத்திலேயே வருகின்றன. அங்கே மூடியைப் பற்றிப் பேசப்படும்போது, குழாயைப் பற்றியும் கேட்பது நம் உரிமை. கேட்டுப் பெற்றபின் வீட்டு டிரம்மை மூடிவைப்பது நம் கடமை.