மச்சிலிருந்து கூடத்திற்கு ஒரு வழி

இக்காலத்தில் வீடு கட்டுவோர் தண்ணீருக்கும் கழிநீருக்கும் மின்சாரத்திற்கும் தனித்தனி வழி வகுத்த பின்னரே சுவருக்குப் பூச்சிடுகின்றனர். இணையத்தைக் கொணரும் கம்பிக்கு மட்டும் வழி வகுப்பார் மிகச் சிலரே. குடிபுகுந்த பின்னர் அக்கம்பி மாடியினின்று இறங்கி, சன்னல் இடுக்கில் நுழைந்து, படிக்கட்டின் கைப்பிடியைச் சுற்றி, நிலைப்படியின்மேல் ஆணிகளில் தொங்கிக் கூடத்தை அடைகின்றது. பெரும்பொருள் செலவிட்டு எழுப்பிய சுவர், கொடி படர்ந்த வேலிபோற் காட்சியளிக்கின்றது. இதனை அழகின் குறை என்றே பலரும் எண்ணுகின்றனர். இது முன்யோசனையின் குறையுமாம் என்பதே நமது கருத்து.

இக்கம்பியின் இயல்பை முதற்கண் சிறிது கூறுவாம். இரண்டு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கினால் புறத்தேயிருந்து வரும் மின்னிடையூறு குறையும் என்பது தொலைபேசியின் தொடக்க காலத்திலேயே அறியப்பட்டது. அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881-ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். கலிபோர்னியாவிலுள்ள செராக்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் 1973-இல் ராபர்ட் மெட்காப் கருதிய ஈதர்நெட் முறை, தொடக்கத்தில் தடித்த வடமொன்றையே நம்பியிருந்தது. முறுக்கிய கம்பிகளுக்கு இசைந்த பொதுவிதி 1990-இல் வெளிவந்தது. இன்று கடைகளில் காட் 6 என்று கேட்டு வாங்கும் கம்பியினுள் எட்டுச் செப்பிழைகள் நான்கு இணைகளாக முறுக்கப்பட்டுள்ளன.

அம்முறுக்கே அதன் உயிர். ஆதலின் அதனை ஆணியால் நசுக்குவதும், மூலையில் மடக்குவதும் உயிர்நிலையில் அடிப்பதற்கு ஒப்பாம். வளைவின் ஆரம் கம்பியின் பருமனுக்கு நான்கு மடங்கிற் குறைதலாகாது. முனையிற் பிரிக்கும் முறுக்கு 13 மில்லிமீட்டரைக் கடத்தலாகாது. ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் உள்ள முழு நீளம் 100 மீட்டரை மிகுதலாகாது. செம்பு பூசிய அலுமினியக் கம்பி விலையிற் குறைந்ததாயினும் எளிதில் முறிவது, மின்தடை மிகுந்தது; அதனை விலக்குக. இவற்றை நோக்குங்கால், நேர்த்தி என்பது கண்ணுக்கு மட்டும் உரியதன்று, தொழிலுக்கே உரியது என்பது விளங்கும்.

இனி, வழியை நோக்குவோம். அமெரிக்க நாட்டின் மரவீடுகளிற் கூரையின்கீழ் மச்சு ஒன்றுண்டு. சுவர்களும் உள்ளே வெற்றிடம் உடையன. மச்சினின்று சுவரின் தலைச்சட்டத்தில் துளையிட்டுக் கம்பியைக் கீழே இறக்கி, கூடத்தில் ஒரு சிறு பெட்டியினின்று வெளிக்கொணர்தல் அந்நாட்டார்க்கு எளிது. நம் நாட்டிலும் மங்களூர் ஓடு வேய்ந்த பழைய வீடுகள் சிலவற்றில் மரமச்சு உண்டு. அவ்வோடுகளைப் பாசல் மிஷனார் 1865-இல் மங்களூரில் ஆலை நிறுவிச் செய்யலாயினர் என்பது வரலாறு. ஆங்குப் பலகையில் ஒரு துளை போதும். ஆயினும் துளையின் இடைவெளியை அடைத்தல் வேண்டும். அடையாத துளை எலிக்கும் பூச்சிக்கும் வாயில். தீ நேரின் புகைக்கும் அனலுக்கும் வழி.

புதிய வீடுகளோ செங்கல்லும் கான்கிரீட்டும் ஆனவை. இவற்றில் முன்னரே வழி வையாதார், பின்னர் உளியும் துளைக்கருவியும் கொண்டு தூணையும் உத்தரத்தையும் குடைகின்றனர். உள்ளிருக்கும் இரும்புக்கம்பி அறுபடின், வீட்டைத் தாங்கும் வலிமையே குன்றும். ஓர் இணையக்கம்பியின் பொருட்டு உத்தரத்தைக் குடைவது, விளக்கேற்ற வேண்டிக் கூரையைப் பிரிப்பதற்கு ஒப்பன்றோ?

ஆதலின் நாம் வற்புறுத்துவது இது: தளம் வார்க்கும்போதே, மேல்மாடியினின்று கூடத்திற்கும் படிக்கும் அறைகளுக்கும் தனிக்குழாய் ஒன்று பதித்து, அதனுள் நைலான் கயிறொன்று விட்டுவைக்க வேண்டும். மின்சாரக் கம்பிகளோடு ஒரே குழாயில் இதனைச் செலுத்தலாகாது. அவற்றைக் கடக்க நேரின் குறுக்கே செங்கோணத்திற் கடத்தல் வேண்டும். மொட்டைமாடியில் வெயில்படும் பகுதிக்கு வெளிப்புறத்திற்கென்றே செய்த கம்பியையோ, மின்னலைக் கடத்தாத கண்ணாடியிழையையோ இடுதல் நன்று.

இதற்குத் தடை கூறுவார் சிலர். கம்பியில்லாமலே இணையம் வரும் இந்நாளில் கம்பி எதற்கு என்பர். காற்றுவழி பொதுவழி, வீட்டார் அனைவரும் அதனைப் பகிர்ந்துகொள்கின்றனர். கான்கிரீட்டுச் சுவர் அவ்வலைகளைத் தளர்விக்கின்றது. விரைவு மிகுந்த 5 கிகாஹெர்ட்ஸ் அலைகளையோ மிகவும் தளர்விக்கின்றது. 2020-இல் கல்லூரிகள் மூடப்பட்டு வீடே வகுப்பறையானபோது, அலை எட்டாத அறையில் அமர்ந்த மாணவர் பட்ட பாட்டை நாம் மறக்கவியலாது. அலையைப் பரப்பும் பெட்டியை உரிய இடத்தில் வைப்பதற்கும் அவ்விடம்வரை கம்பி செல்லவேண்டும் அன்றோ? இன்றைய கம்பி நாளை பழமையாகும் என்பார்க்கும் விடை அதுவே: பழமையாவது கம்பி, குழாயன்று. கயிறு உள்ளே இருப்பின் பழையதை உருவிப் புதியதை இழுத்துக்கொள்ளலாம். வெறுங்குழாயின் விலையோ, பின்னர் சுவரை உடைத்துப் பூசி வண்ணமடிக்கும் செலவிற் சிறு கூறே.

இன்னுமொன்று கூற வேண்டும். கூடத்திற் கம்பியை மறைத்துவிட்டு, மச்சின்மேல் அதனைச் சிக்கலாய்க் குவித்துவைப்பது நேர்த்தியன்று. அது குப்பையைக் கட்டிலின்கீழ்த் தள்ளுதல் போலும். ஒவ்வொரு கம்பியின் இருமுனைகளிலும் ஒரே எண் எழுதுதல் வேண்டும். எக்குழாய் எங்கே செல்கிறது என்பதை ஒரு தாளில் வரைந்து வீட்டுப் பத்திரத்தோடு வைத்தல் வேண்டும். பத்தாண்டு கழித்து வரும் ஒயர்மேன், புழுக்கம் மிகுந்த மச்சில் முழங்காலிட்டு எக்கம்பி எதுவென்று தேடாதிருப்பது அவ்வெண்ணால்தான். நம்மை அறியாத ஒருவர்க்கு நாம் செய்யும் உதவி அது.

நம் மாணவருட் பலர் நாளை வீடு கட்டுவோராகவும், சிலர் கட்டுவிக்கும் பொறியாளராகவும் விளங்குவர். வரைபடத்தில் குளியலறைக் குழாய்க்குக் கோடு இழுக்கும்போது இதற்கும் ஒரு கோடு இழுக்குமாறு அவர்களை வேண்டுகின்றோம். காணாத இடத்திற் செய்யும் நற்பணியே வீட்டை நெடுநாள் காக்கும்.